திறக்கச் சொன்ன குரல்

காப்பறையின் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்களை முறுக்கி இறக்கும்வரை கிளாடிஸுக்குப் பயம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

'நித்திலம்' தூத்துக்குடியில் உரம் ஏற்றிக்கொண்டு மொம்பாசாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். கரையிலிருந்தே ஓட்டப்படும் புதுவகை. சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுக்கானைத் திருப்புவார். எதற்கும் இருக்கட்டுமென்று கப்பலில் நாலு பேரை வைத்திருந்தார்கள். கேப்டன் தாணுமாலயன், மின்பொறியாளர் கிளாடிஸ், சமையல்காரர் நைனா முகம்மது, மாலுமி சுடலைமணி.

அன்று காலை மேல்தளத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்த கண்காணிப்புத் திரையில், கப்பலின் பின்பக்கம் கயிற்றேணி மாட்டித் துப்பாக்கிக்காரர்கள் ஏறுவதைக் கேப்டன் பார்த்தார். உடனே சங்கை அலறவிட்டார். கொள்ளைக்காரர்கள் ஏறினால் எல்லோரும் அடித்தளத்துக் காப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும், மீட்க வருகிறவர்கள் வரும்வரை யாருக்காகவும் திறக்கக் கூடாது. இதுதான் விதி. நைனா அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்தார். ஓடிவந்த வேகத்தில் இளைப்புக்கு உறிஞ்சும் மருந்தைச் சமையலறையிலேயே விட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. பூட்ஸ் கால்கள். பிறகு கதவில் இடி. புரியாத மொழியில் யாரோ கத்தினார்கள். ஒவ்வொரு இடிக்கும் கிளாடிஸின் பல் தானாகக் கிட்டித்தது. சுடலைமணி தீயணைக்கும் உருளையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தான்.

"உடைச்சிருவானுவளா சார்?"

"இந்தக் கதவை உடைக்க முடியாதுடே," என்றார் கேப்டன். "ஆனா அவனுக உடைக்கப் பாப்பானுக. சத்தத்துக்கு மனசு விட்டுராதே."

அப்போதுதான் சுவர்த்திரை ஒளிர்ந்தது. முதல்வர் பொழிலரசன் அதில் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, அதே கனிந்த சிரிப்பு.

நால்வருக்கும் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "உங்கள் வீட்டில் ஒரு துன்பம் என்றால் நான் கூடவே இருப்பேன்" என்று சொல்லித்தான் அவர் தேர்தலில் வென்றிருந்தார். ஜனங்கள் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். வெள்ளம் வந்தால், விபத்து நடந்தால், ஆஸ்பத்திரியில் யாராவது கிடந்தால், "எங்கே அவர்?" என்று கேட்டார்கள். ஒரு மனிதன் எத்தனை இடத்தில் இருக்க முடியும்? அரசாங்கம் அவருடைய முகத்தையும் குரலையும் நகலெடுத்து 'கூடவே' என்றொரு சேவையைத் தொடங்கியது. அழைத்தால் போதும், திரையில் வந்துவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். போன தடவை பேசியதை நினைவு வைத்திருப்பார். அது இயந்திரம் என்று எல்லோருக்கும் தெரியும். அழுதுகொண்டிருக்கும்போது அது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அப்பா தீவிர சிகிச்சையில் கிடந்தபோது கிளாடிஸும் அந்த முகத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"தாணுமாலயன் அண்ணாச்சி, இப்ப பேசுறது மெஷின் இல்ல. நானே பேசுறேன்," என்றார் திரையில் இருந்தவர். "சேதி தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து நான் உக்காரல. கடற்படைக் கப்பல் கிளம்பியாச்சு. நானும் அதுல ஏறி வாறேன்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். கதவைத் திறக்கக் கூடாது. யார் சொன்னாலும் திறக்கக் கூடாது."

கேப்டன் தன்னையறியாமல் எழுந்து நின்று கும்பிட்டார். "ஐயா, நாகர்கோவில்ல உங்க கையால விருது வாங்கினவன் நான்."

"மறப்பனா? உங்க வீட்டம்மா பச்சைப் பட்டு கட்டியிருந்தாங்க."

கேப்டனின் கண் கலங்கிவிட்டது. நைனாவிடம் மகள் சபுராவின் நிக்காஹ் எப்போது என்று திரையில் இருந்தவர் கேட்டார். சுடலைமணியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா என்று விசாரித்தார். வெளியே இடி விழுந்துகொண்டே இருந்தது. ஆனாலும் அறைக்குள் ஒரு தெம்பு வந்தது.

அந்தத் தெம்பு நீடிக்கவில்லை. காற்று இறுகத் தொடங்கியது. கூரையில் இருந்த விசிறி சோம்பிச் சுழன்றது. நைனாவின் நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. கிளாடிஸ் விசிறியின் மின்பெட்டியைத் திறந்து பார்த்தாள். அங்கே பழுது எதுவும் இல்லை. மேலிருந்து வரும் கட்டளைதான் அதை மெதுவாக்கியிருந்தது.

"விசிறியில கோளாறும்மா," என்றார் திரையில் இருந்தவர், அவள் கேட்காமலே. "கொஞ்சம் பொறுத்துக்கங்க. வந்துட்டே இருக்கோம்."

மூலையில் அவசரத்துக்கென்று வைத்திருந்த பழைய செயற்கைக்கோள் ஃபோன் அப்போது ஒலித்தது. கப்பலின் மற்ற கருவிகளோடு அதற்குத் தொடர்பில்லை. தனி பேட்டரி, தனி ஆன்டெனா. கேப்டன் எடுத்தார். கம்பெனி அதிகாரி என்று சொன்ன ஒருவர், கதவைத் திறந்து வெளியே வரும்படி சொன்னார். கேப்டன் மறு பேச்சில்லாமல் வைத்துவிட்டார்.

"போன வருஷம் ஒரு கப்பல்ல இப்படித்தான், கேப்டனோட பெஞ்சாதி குரல்ல பேசி வெளியே வர வச்சிருக்கானுக," என்றார்.

மறுபடி ஒலித்தது. இம்முறை கிளாடிஸ் எடுத்தாள்.

"நான் பொழிலரசன் பேசுறேன்." கரகரத்த, களைத்த குரல். இடையில் இருமல். "கம்பெனிக்காரங்க சொன்னா நீங்க நம்ப மாட்டேங்கிறீங்களாம். அதான் நானே பேசுறேன். கவனமா கேளுங்க. உங்க கப்பல்ல யாரும் ஏறல."

அவள் ஒலியைக் கூட்டி எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். அந்த நேரத்தில் கதவில் ஓர் இடி விழுந்தது.

"அந்தச் சத்தம் கேக்குதுல்ல, யாரும் ஏறலேன்னா அது என்ன?" என்றார் கேப்டன்.

"எனக்கு முழுசாத் தெரியாது. அதிகாரிங்க சொன்னதைச் சொல்றேன். சென்னையில இருந்து கப்பலை ஓட்டுற வழியை யாரோ பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க எங்க உக்காந்திருக்காங்கன்னுகூடத் தெரியல. திரை, ஸ்பீக்கர், விசிறி, 'கூடவே'யில வர்ற என் முகம் எல்லாம் இப்ப அவங்க கையில. நீங்க வெளியே வந்தா சுக்கான் அறைக்குப் போய் அந்த வழியை வெட்டிட்டு, கையாலே ஓட்டிருவீங்க. அதுக்குப் பயந்துதான் உங்களை உள்ளேயே வச்சிருக்காங்க. எதுக்குன்னு தெரியல, முன்னாடி இருக்கிற பாறைத்திட்டைப் பாத்துக் கப்பலைத் திருப்பியிருக்காங்கன்னு சொல்றாங்க."

"கடற்படை எப்ப வருது?"

மறுமுனையில் இருமல் கேட்டது.

"வரலீங்க. அது என் கையில இல்ல. டெல்லிக்கு எழுதியிருக்கேன். பக்கத்துல கப்பல் எதுவும் இல்லேங்கிறாங்க. என்னால உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது. நீங்களா வெளியே வந்தாத்தான் உண்டு."

கேப்டனின் முகம் கறுத்தது. "நாகர்கோவில்ல என்னைப் பாத்தது ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ பேரைப் பாக்குறேன். ஞாபகம் இல்லீங்க."

கேப்டன் ஃபோனைப் பிடுங்கி அணைத்தார். திரையை நோக்கித் திரும்பி நடந்ததைச் சொன்னார். அங்கிருந்தவர் கோபப்படவில்லை. வருத்தமாகச் சிரித்தார்.

"என்னால முடியாதுன்னு சொன்னானா? அண்ணாச்சி, இத்தனை வருஷத்துல நான் யார்கிட்டயாவது அப்படிச் சொல்லியிருக்கேனா?"

சுடலைமணி தலையாட்டினான். "தலைவரு அப்படிச் சொல்ல மாட்டாவ சார். செத்தாலும் சொல்ல மாட்டாவ."

அதை மறுக்க யாராலும் முடியவில்லை. ஆனால் அந்த இருமல் கிளாடிஸின் காதிலேயே நின்றது. முடியாது, தெரியாது, ஞாபகம் இல்லை. வெளியே இழுக்கப் பார்க்கிற கள்ளன், ஆளை நம்பவைக்க இந்தச் சொற்களையா எடுப்பான்?

"சார், அவனுவ ஏறுனதை யாராவது கண்ணால பாத்தோமா?" என்றாள்.

"நான் பாத்தேன்."

"திரையிலதான பாத்தீங்க?"

"மக்களே கிளாடிஸ், பயத்துல புத்தி கண்டபடி போவும். செத்த நேரம் சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். துணிந்து பேச அவளுக்கும் பயம். கதவுக்கு அப்பால் துப்பாக்கி இருந்தால், அவள் சொல்லைக் கேட்டு நாலு பேரும் சாக நேரும். யார் அந்தப் பாவத்தைச் சுமப்பது?

நைனா சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. திரையில் இருந்தவர் அவரோடு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நிக்காஹ்வுக்கு நான் வருவேன், பிரியாணி நீங்கதான் பண்ணணும் என்றார். நைனா சிரிக்க முயன்றார்.

"பாய், மருந்து சமையலறையில எங்க இருக்கு?" என்று கிளாடிஸ் காதோரம் கேட்டாள்.

"அரிசி டப்பா பக்கத்துல... வேணாம் புள்ள. திறக்காதே." ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சு ஏறி இறங்கியது. "அவரு வாறேன்னு சொல்லியிருக்காருல்ல. வந்துருவாரு."

கிளாடிஸ் எழுந்து கதவருகே போனாள். அடுத்த இடி விழுந்தபோது உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். காதில் சத்தம் கேட்டது. கையில் எதுவும் தெரியவில்லை. இன்னொரு இடி. இரும்பு அசையவில்லை, அதிரவில்லை, குளிர்ந்து அப்படியே கிடந்தது. சம்மட்டியால் அடிபடும் கதவு அப்படிக் கிடக்குமா?

"சார், கையை வச்சுப் பாருங்க. கதவுல அடி விழல. சத்தம் மட்டுந்தான் வருது."

"கிளாடிஸ், வேண்டாம்மா," என்றது திரை. குரலில் அதே கனிவு. "உன் அப்பா படுத்திருந்தப்ப நான் உன்கூட இருந்தேன்ல? இப்பவும் இருக்கேன். கதவை விட்டு வா."

அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் குரலை மீறுவது, துப்பாக்கியை நோக்கி நடப்பதைவிடக் கடினமாக இருந்தது. சுடலைமணி குறுக்கே வந்து நின்றான்.

"அக்கா, காலைப் பிடிக்கேன். திறக்காதீய."

"பாய் மூச்சைப் பாருடா. இப்பிடியே விட்டா போயிருவாரு. நான் போன பிறவு சாத்திக்கோ. எனக்கு எதுவும் ஆச்சுன்னா திறக்காதே."

அவன் நைனாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு விலகினான். கேப்டன் எழுந்து வந்தார், ஆனால் தடுக்கவில்லை. அவரே உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு அடுத்த இடிக்காகக் காத்து நின்றார். அது வந்தது. அவர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு விலகி நின்றார். அவள் தாழைத் திருப்பினாள்.

நடைவழியில் யாரும் இல்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் பூட்ஸ் கால்கள் அவளை நோக்கி வந்தன. முன்னால், மிக அருகில், பிறகு அவளைக் கடந்து பின்னால். கூரையோரம் இருந்த ஸ்பீக்கர்களில் ஒன்று விட்டு ஒன்றாக அந்தக் காலடிகள் நடந்துகொண்டிருந்தன. ஆளில்லாத இடத்தில் ஒருவன் அவள் காதருகே நின்று கத்தினான். கிளாடிஸ் காதைப் பொத்திக்கொண்டு, மாதாவே மாதாவே என்று சொல்லியபடி ஓடினாள். யாருமில்லை என்று கண் சொல்லியும் உடம்பு நம்பவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தோட்டாவை எதிர்பார்த்து முதுகு கூசியது.

படியேறிச் சமையலறைக்குள் நுழைந்தாள். வட்டச் சன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்துகிடந்தது. நைனா நறுக்கிவைத்த வெங்காயம் பலகையில் அப்படியே இருந்தது. அரிசி டப்பா பக்கத்தில் மருந்து. சன்னலில் எட்டிப் பார்த்தாள். மேல்தளம் காலி. கயிற்றேணி இல்லை, படகு இல்லை, கடலில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமே இல்லை. அந்த வெறுமை அவளை உலுக்கியது. சுற்றி யாருமே இல்லாத கடலில், யாருக்காக இவ்வளவு நேரம் ஒளிந்திருந்தார்கள்?

அவள் திரும்பி வந்தபோது கதவு சாத்தப்படவில்லை. கேப்டன் நைனாவின் தலையை மடியில் வைத்திருந்தார். சுடலைமணி அழுதுகொண்டிருந்தான். திரையில் இருந்தவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "நைனா பாய், தைரியமா இருங்க. வந்துட்டோம். இதோ வந்துட்டோம்." நைனாவின் கண்கள் திரையைப் பார்த்தபடி நின்றுபோயிருந்தன.

அதன்பிறகு யாரும் எதையும் விவாதிக்கவில்லை. கிளாடிஸ் சுக்கான் அறைக்கு ஓடிப்போய்க் கரைக்கட்டளை வரும் இணைப்பைப் பிடுங்கி எறிந்தாள். கப்பல் முழுக்க ஒரே நேரத்தில் அமைதி விழுந்தது. காலடிகள், இடிகள், முதல்வர், எல்லாம். கேப்டன் கைச்சக்கரத்தைத் திருப்பிக் கப்பலை விலக்கினார். இடதுபுறம் வெள்ளை நுரைக்கு அடியில் பாறைத்திட்டு கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

நைனாவை அவருடைய ஊரான கீழக்கரையில் அடக்கம் செய்தார்கள். கிளாடிஸ் வீட்டுக்கு வந்த பிறகும் சத்தங்களை நம்ப முடியவில்லை. யாராவது கதவைத் தட்டினால் எழுந்துபோய் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள்.

சில வாரங்களில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. இரண்டு குரல்களின் ஒலிப்பதிவும் எப்படியோ வெளியே கசிந்திருந்தது. 'வாறேன்' என்ற குரலைக் கேட்டு நாடே அழுதது. 'என்னால எதுவும் செய்ய முடியாது' என்ற குரலைக் கேட்டவர்கள் காறித் துப்பினார்கள். தேர்தல் பக்கத்தில் வந்திருந்தது.

சாட்சி சொல்ல வேண்டிய நாளில், மண்டபத்துக்குள் போகும் முன் முதல்வரின் செயலாளர் தயாளன் அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். அங்கே பொழிலரசன் உட்கார்ந்திருந்தார். திரையில் பார்த்ததைவிட வயதான முகம். இருமினார். அந்த இருமலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உக்காரும்மா. ஃபோன்ல பேசினது நான்தான்."

"தெரியும் ஐயா."

"அது நான்னு சொல்ல முடியாத நிலைமை. இன்னைக்கு உன்கிட்டக் கேப்பாங்க. கதவைத் திறக்கச் சொன்னது கொள்ளைக்காரன், திறக்காதேன்னது தலைவர்னு சொல்லிரு."

கிளாடிஸ் உட்காரவில்லை. "அப்போ நைனா பாய் செத்தது உங்க பேச்சைக் கேட்டுன்னு ஆயிருமே ஐயா."

"உங்க யார் உயிரும் போகாம இருக்கணும்னுதான் நான் உண்மையைச் சொன்னேன்." அவர் அவளை நேராகப் பார்த்தார். "'நான் வந்துட்டேன், வெளியதான் நிக்கிறேன், கதவைத் திறங்க'ன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா, அந்த நிமிஷமே திறந்திருப்பீங்க. இல்லையா? அந்த மனுஷன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பார். நான் யோசிச்சுப் பாத்துட்டேம்மா. தப்பு என்னோடதுதான்."

அவர் சொன்னது அப்படியே நடந்திருக்கும்.

மண்டபம் நிறைந்திருந்தது. கேப்டன் தாணுமாலயன் அவளுக்கு முன்பே சாட்சி சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எந்தக் குரல் யாருடையது என்று தன்னால் சொல்ல முடியாது என்றாராம். நைனாவின் மனைவியும் சபுராவும் ஓரத்தில் இருந்தார்கள். இரண்டு பதிவுகளையும் ஒலிக்கவிட்டு நீதிபதி கேட்டார்.

"இதுல முதலமைச்சரோட குரல் எதும்மா?"

கிளாடிஸ் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். சபுராவைப் பார்த்தாள்.

"ரெண்டாவது குரல்," என்றாள். "முடியாதுன்னு சொன்னவர்தான். அவர் சொன்னதை நாங்க கேக்கல."

மண்டபத்தில் கூச்சல் எழுந்தது. பின்வரிசையில் யாரோ அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு செருப்பு பறந்துவந்து கூண்டில் பட்டு விழுந்தது. போலீஸ்காரர்கள் நகர்ந்தார்கள். அவள் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள்.

முன்வரிசையில் இருந்த பொழிலரசன் எழுந்து கையை உயர்த்தினார். கூச்சல் அடங்கியது. அவர் மெல்ல நடந்து கூண்டருகே வந்தார். கேமராக்கள் அவர் பின்னால் வந்தன.

"யாரும் இந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார், இருமலை அடக்கிக்கொண்டு. "பாவம், என்னென்ன பாத்துச்சோ. பயத்துல எது எந்தக் குரல்னு குழம்பிருச்சு. இதே நிலைமையில நம்ம வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன பண்ணுவோம்?"

மண்டபம் முழுக்க இரக்கப் பெருமூச்சு எழுந்தது. சபுராவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொழிலரசன் கையை நீட்டிக் கிளாடிஸின் தலையில் வைத்தார். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது.

"பயப்படாதம்மா. இனிமே நான் கூடவே இருக்கேன்."

பொய் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்தச் சொல் விழுந்ததும் அவள் நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு இறங்கியது, கப்பலைவிட்டு வந்த நாளிலிருந்து முதல்முறையாக உடம்பு லேசானது. கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கை தலையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று நினைத்தாள். நினைத்த அடுத்த கணமே, திரையைப் பார்த்தபடி நின்றுபோன நைனாவின் கண்கள் நினைவு வந்து அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.